குணம்

"உங்கட குணத்தைப் பற்றிக் கொஞ்சம் கேக்கலாமா அக்கா?"
வவுனியா கிளினிக்கில் கோப்போடு வந்த பிள்ளை.
குணம் வராது,
கட்டுப்பாட்டில வைக்கலாம் எண்டுதானே டொக்டர் சொன்னவர், என்றேன்.
அந்தக் குணமில்லை அக்கா. சுபாவம்.

அறுபது கேள்வி,
ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை.
பெயர் வேண்டாமாம், இலக்கம் போதுமாம்.
நல்லது.
இலக்கத்தை ஒலுமடுச் சந்தியில் யாரும்
சைக்கிளை நிறுத்திப் பார்ப்பதில்லை.

எதையும் ஒழுங்காகச் செய்பவள் நான்.
பிள்ளை, அம்பகாமத்தில் மிதிவெடி எடுக்கிறவள் நான்.
ஒரு மீற்றர் அகலத்தில் முழங்காலில் இருந்து
முகமூடிக்குள் வேர்த்து
வாரியால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி
விடியலில் இருந்து மத்தியானம்வரை
ஒரு பாய் விரிக்கிற இடம்.
ஐந்துக்கு மேல் இருந்தால் அதைப் போடு.

அடிக்கடி கவலைப்படுவேன்.
எதைக் கவலை என்கிறாய்?
படுத்தபிறகு எழும்பிக் குளிசையைத் திரும்ப எண்ணுவதையா?
பனடோல் போத்தலுக்குள் ஒளித்ததை
மாமி தலையிடிக்கு எடுத்துவிடுவாவோ என்று
வேறொரு காட் வாங்கி
மேசையில் கண்படப் போட்டு வைப்பதையா?
ஒன்பது வருடம். ஓர் இரவும் தப்பவில்லை.
கவலை உடம்புக்குக் கூடாதென்று படித்திருக்கிறாள்;
ஐந்தைச் சுற்றி வட்டம் போட்டாள்,
கொஞ்சம் பாவப்பட்டு.

கோபக்காரி.
ஓம். செவ்வந்தி கோட்டுக்கு வெளியே காலை மடக்கியபோது
காடு அதிரக் கத்தினேன்.
ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.
முழங்கால் இருக்கிறது அவளுக்கு.

இதைத் தந்துவிட்டுப் போனவனைப் பற்றி
அறுபதில் ஒன்றும் இல்லை. நானும் சொல்லவில்லை.

பஞ்சலிங்கம் அண்ணையை இந்தப் பிள்ளைக்குத் தெரியாது.
மாங்குளத்தில் லொறி ஓடினவர்.
கிளினிக் நாளைக் கலியாண வீடாக்குவார்.
கதலிச் சீப்போடு வந்து
தாதிமாருக்கு, துப்புரவுக்காரருக்கு, எங்கள் வாங்குக்கு
ஆளுக்கொரு பழம்.
"ஒண்டும் செய்யாது, விடுங்கோ."
அவருக்கு இந்தத் தாளில் எவ்வளவு வந்திருக்கும்!
கலகலப்பு ஐந்து. நம்பிக்கை ஐந்து. மன்னிப்பது ஐந்து.
ஒண்டும் செய்யாதென்று குளிசையையும் விட்டார்.
பங்குனியில் வாங்கில் இடம் இருந்தது.
நான் தள்ளி இருக்கவில்லை.

அவர் தந்த பழத்தை நான் தின்னவில்லை.
பையில் போட்டு வந்து
ஓமந்தை தாண்ட
பஸ் யன்னலால் எறிந்தேன்.
அதே வருத்தம் எனக்கும் இருக்க,
அவர் கைபட்டதென்று.
இதற்கு ஒரு கேள்வி வைத்திருக்கிறாயா?

பேனையை மூடிவிட்டுக் கேட்டாள், தாளில் இல்லாததை:
"முந்தியும் இப்படித்தானா அக்கா,
இல்லாட்டி வருத்தம் வந்த பிறகா?"

மாரியில் வெள்ளம் வெடியை இழுத்துக்கொண்டு போகும்.
எடுத்த இடத்துக்கு முளை அடிப்போம்,
படத்தில் குறிப்போம்.
வைத்த இடம்
வைத்தவருக்கும் தெரியாது இப்போது.

வைரஸ் அளவு: கண்டறிய முடியவில்லை.
துண்டை நாலாய் மடித்துக்கொண்டு எழும்பினேன்.
பன்னிரண்டரை பஸ்ஸை விட்டால்
எட்டரைக் குளிசைக்கு முதல் சமைத்து முடியாது.
"அக்கா, ஒண்டு விடுபட்டிருக்கு!"
நாற்பத்தோராவது. நான் மகிழ்ச்சியானவள்.
கேட்காத மாதிரி நடந்தேன்,
ஒழுங்குக்கு ஐந்து வாங்கியவள்.

ஓமந்தை தாண்ட
இடப்பக்க யன்னலுக்கு மாறி இருந்தேன்.
கதலிக்கு விதை இல்லை,
எறிந்த பழத்தில் ஒன்றும் முளைத்திருக்காது.
எனக்குத் தெரியும்.
பார்த்துக்கொண்டு வந்தேன்.